குடாநாட்டுக்குத் தொலைக்காட்சி வந்த வழி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் மாத்திரம் ஓடி மறையும் வழுக்கியாற்றைத் தவிர்த்தால், சுண்ணாம்புக்கற் பாறையின் அடியில் தங்கும் நீரே அம்மண்ணின் செல்வம். கிணறு வெட்டி, துலாக் கட்டி, பட்டையால் இறைத்தே குடாநாட்டு மக்கள் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்து வந்தனர். மழை பெய்தால் ஊரிலுள்ள தோட்டங்கள் யாவும் ஒரே நேரத்தில் நனையும். வேண்டியவர் தோட்டம், வேண்டாதவர் தோட்டம் என்று அது பார்ப்பதில்லை. கிணற்று நீரோ இறைப்பவனுக்கு மட்டுமே உரியது. அவன் விரும்பிய வேளையில், விரும்பிய அளவில் இறைத்துக்கொள்வான். பழைய ஒலிபரப்புக்கும் ஒளிபரப்புக்கும், இன்று இணையத்தின் வழியாக வீட்டுக்கு வந்து சேரும் தொலைக்காட்சிக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய இத்தகையதே. முன்னது மழை, பின்னது கிணறு. மழைக்குக் காத்திருந்த ஒரு சமுதாயம் கிணறு வெட்டக் கற்றுக்கொண்டது எப்படி என்பது சுவையான வரலாறு. துன்பமும் அதில் நிரம்ப உண்டு.

இலங்கையில் வானொலியின் தொடக்கம் தந்தித் திணைக்களத்தில் நிகழ்ந்தது. அங்குத் தலைமைப் பொறியியலாளராக இருந்த எட்வேட் ஹாப்பர் என்பவர் 1923 ஆம் ஆண்டில் ஒலிபரப்புப் பரிசோதனைகளைத் தொடங்கினார். முதலாம் உலகப் போரிற் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றிலிருந்து கழற்றப்பட்ட வானொலிக் கருவியே அப்பரிசோதனைக்குப் பயன்பட்டது என்பர். 1925 டிசம்பர் 16 ஆம் நாள் கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பிக்கப்பட்டது. ஆசியக் கண்டத்தில் மிக முற்பட்ட வானொலிச் சேவைகளுள் அதுவும் ஒன்று. 1949 இல் ‘ரேடியோ சிலோன்’ தனித் திணைக்களமாயிற்று. 1967 சனவரி 5 ஆம் நாள் கூட்டுத்தாபனமாக மாறியது.

குடாநாட்டுக் கிராமங்களில் வானொலிப் பெட்டி முதலில் ஒரு வீட்டுப் பொருளாக அன்றி ஊர்ப் பொருளாகவே விளங்கிற்று. சனசமூக நிலையம், வாசிகசாலை, தேநீர்க்கடை ஆகிய இடங்களிலேயே பெரும்பாலானோர் அதைக் கேட்டனர். வசதியுள்ள வீட்டில் பெட்டி இருந்தால், முற்றத்துப் பனைக்கும் கிணற்றடித் தென்னைக்கும் இடையே ஏரியல் கம்பி இழுக்கப்பட்டிருக்கும். மாலையானால் அயலவர் திண்ணையில் வந்து அமர்வர். ஒருவர் கேட்பதை ஊரே கேட்டது. விருப்பமில்லாத நிகழ்ச்சியானாலும் எழுந்து போவதைத் தவிர வேறு வழி இல்லை.

கேட்போராக மட்டும் குடாநாட்டார் நின்றுவிடவில்லை என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. சுன்னாகத்திலிருந்து வெளிவந்த ‘ஈழகேசரி’ப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த சோ. சிவபாதசுந்தரம் இலங்கை வானொலியிற் சேர்ந்து, பின் இலண்டன் சென்று, பி.பி.சி.யின் தமிழ் நிகழ்ச்சியில் பணியாற்றினார். 1941 இல் தொடங்கிய அந்நிகழ்ச்சிக்குத் ‘தமிழோசை’ என்னும் பெயர் அவரால் வந்தது. அவர் எழுதிய ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூல், ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேச விரும்பும் தமிழனுக்கு வேண்டிய பயிற்சியைத் தமிழிலேயே தந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒருவரிடம் பேசுவது மேடையிற் பேசுவது போன்றதன்று என்பது அக்கலையின் முதற் பாடம். இன்று கைத்தொலைபேசியை முக்காலியில் நிறுத்திவிட்டுப் பேசத் தொடங்கும் இளைஞருள் பெரும்பாலோர் அப்பெயரைக் கேள்விப்பட்டிரார். ஆயினும் அவர்கள் தட்டுத் தடுமாறிக் கற்கும் பாடம் அதுவேயாகும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். வானொலி என்றாலே செந்தமிழ்தான் ஒலிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுவாக இருந்த காலம் அது. செய்திக்கும் சொற்பொழிவுக்கும் அது பொருந்தியது. நாடகத்துக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. ‘சானா’ என்று பெயர் பெற்ற சண்முகநாதன் நாடகத் தயாரிப்பில் ஈடுபட்டிருந்த நாட்களில் யாழ்ப்பாணப் பேச்சு மொழி வானொலியில் உரிமையோடு இடம்பெறலாயிற்று. இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’ போன்ற தொடர் நாடகங்களில், ஊர்ப் பெரியவர்கள் தங்கள் குரலையே கேட்டுச் சிரித்தனர். தங்கள் பேச்சு ஒலிபரப்புக்கு ஏற்றது என்பதை ஒரு மக்கட் கூட்டம் அறிந்துகொள்வது சிறிய காரியமன்று. தென்னிந்தியத் திரைப்படங்களில் இலங்கைத் தமிழ் கேலிக்குரிய ஒன்றாகவே நெடுங்காலம் வந்துபோயிற்று என்பதை நினைத்தால், அதன் அருமை புலப்படும்.

தொலைக்காட்சி இலங்கைக்கு வந்தது காலந்தாழ்த்தியே. டில்லியில் 1959 செப்டெம்பர் 15 ஆம் நாளும், சென்னையில் 1975 ஓகஸ்ட் 15 ஆம் நாளும் ஒளிபரப்புத் தொடங்கிவிட்டன. இலங்கையிலோ 1979 ஏப்ரல் 13 ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னாள், தனியார் முயற்சியாக ஐ.ரி.என். என்னும் நிலையம் பன்னிப்பிட்டியிலிருந்து கறுப்பு வெள்ளைப் படங்களை அனுப்பத் தொடங்கியது. இரண்டு மாதத்துக்குள் அரசாங்கம் அதனைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதன் சிறிய அலைபரப்பி கொழும்பையும் சுற்றுப்புறத்தையுமே எட்டியது. யப்பானிய நாட்டின் உதவியுடன் 1982 பெப்ரவரி 15 ஆம் நாள் ‘ரூபவாஹினி’ வண்ணத்தில் ஒளிபரப்பைத் தொடங்கியபோதுதான் தொலைக்காட்சி தேசிய அளவினதாயிற்று. இலங்கையின் மிக உயர்ந்த மலையாகிய பிதுருதலாகலையின் உச்சியில், 2,524 மீற்றர் உயரத்தில், அதற்கு அலைபரப்பி அமைந்தது. ஆனால் அம்மலையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய முந்நூறு கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. தொலைக்காட்சி அலைகள் ஒளியைப் போலப் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்பவை. பூமியின் வளைவு குறுக்கிட்டால் அவை தலைக்குமேற் போய்விடும். ஆகவே வன்னியில் கொக்காவில் என்னுமிடத்தில் அஞ்சல் நிலையம் ஒன்று வடபகுதிக்கென நிறுவப்பட்டது.

இங்கே இயற்கை ஒரு விளையாட்டுக் காட்டிற்று. கொழும்பிலிருந்து வரும் படத்துக்கு அஞ்சல் நிலையம் வேண்டியிருந்த குடாநாட்டுக்கு, கடலுக்கு அப்பாலிருந்து தமிழ்நாட்டுப் படம் தானாகவே வந்து விழுந்தது. பாக்கு நீரிணையின் மேல், நீர்ப்பரப்பை ஒட்டி ஈரக் காற்றும் அதன்மேல் வெப்பமான வறண்ட காற்றும் படிந்து நிற்கும் வேளைகளில், வானுக்குப் போக வேண்டிய அலைகள் கீழ்நோக்கி வளைந்து, குழாய்க்குள் செல்லும் நீரைப் போலக் கடலைத் தொடர்ந்து வரும். அதனால் சென்னை, கொடைக்கானல் நிலையங்களின் ஒளிபரப்பு, கணக்குப்படி எட்ட முடியாத தூரத்தையும் எட்டியது. அது எல்லா நாளும் கிடைப்பதன்று. ஒரு நாள் கண்ணாடி போலத் தெளியும் படம் மறுநாள் மணல் கொட்டியது போலாகிவிடும். காற்றுத் திரும்பினால் படம் போய்விடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதில் விஞ்ஞானம் இருந்தது. பிற்காலத்தில் இராமேசுவரத்தில் 323 மீற்றர் உயரக் கோபுரம் ஒன்றை இந்தியத் தூரதர்சன் எழுப்பிய பின்னரே அக்கரைப் படம் ஓரளவு நம்பக்கூடியதாயிற்று.

இவ்வாறு 1980 களில் குடாநாட்டு வீடுகளின் கூரைக்கு மேல் நீண்ட இரும்புக் குழாய்கள் எழுந்தன. அவற்றின் உச்சியில் மீன் முள்ளைப் போன்ற அன்ரெனா, வடமேற்கையோ வடக்கையோ நோக்கி நின்றது. யப்பானிய அறிஞர்களாகிய உடா, யாகி ஆகியோர் 1926 இல் வெளியிட்ட அமைப்பு அது. ஒருவர் முற்றத்தில் நின்று குழாயைத் திருப்ப, மற்றொருவர் உள்ளே இருந்து ‘வந்திட்டுது, வந்திட்டுது, விடாதை’ என்று கூவுவது அக்காலத்து வழக்கம். வெள்ளிக்கிழமை மாலையில் ‘ஒளியும் ஒலியும்’ என்ற திரைப்பாடல் நிகழ்ச்சிக்காகத் தொலைக்காட்சி உள்ள வீட்டு விறாந்தை நிறைந்தது. 1987 இல் ஆரம்பமான ‘இராமாயணம்’ இந்தி மொழியிலே இருந்தும், கதை தெரிந்ததனால் பாட்டிமாரும் விளங்கிக்கொண்டனர்.

இக்காலத்தோடு சேர்ந்தே ‘டெக்’ வந்தது. வீடியோ நாடாவை ஓட்டும் கருவியைக் குடாநாட்டார் இப்பெயராலேயே அறிவர். மத்திய கிழக்கில் உழைத்தவர்களும் ஐரோப்பாவுக்குச் சென்றவர்களும் கொண்டுவந்த டெக்குகள், விரைவில் வாடகைத் தொழில் ஒன்றுக்கு வழி வகுத்தன. தொலைக்காட்சிப் பெட்டி, டெக், மின்சாரம் இல்லாத இடமானால் ஒரு மின்பிறப்பாக்கி, மூன்று நான்கு திரைப்பட நாடாக்கள் ஆகியவற்றை ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, முற்றத்திற் பாய் விரித்து விடிய விடியப் பார்த்தனர். எந்தப் படத்தை முதலிற் போடுவது என்று சண்டையிட்டதும், சிறுவர் இரண்டாம் படத்தின் நடுவில் தூங்கிவிட்டதும் அக்காலத்தவர் பலருக்கும் பொதுவான நினைவுகள். நிலையம் அனுப்பும் நேரத்திற் பார்க்க வேண்டும் என்ற கட்டு இங்கேதான் முதன்முதலாக அறுந்தது. விரும்பிய படத்தை விரும்பிய வேளையில் பார்ப்பது என்னும் பழக்கம், இணையம் வருவதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே குடாநாட்டுக்கு வந்துவிட்டது என்று கூறுதல் மிகையாகாது.

டெக்கோடு கூடவே வீடியோக் கமராவும் வந்தது. திருமண மண்டபங்களிலும் கோயில் வீதிகளிலும் தோளிற் கமராவுடன் நின்ற ஸ்ரூடியோக்காரரே குடாநாட்டின் முதல் நிகழ்ச்சித் தயாரிப்பாளர்கள் எனலாம். இவர்களைப் பற்றிக் கலை வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. ‘குத்துவிளக்கு’ (1972), ‘வாடைக்காற்று’ (1978) போன்ற திரைப்படங்களுக்குக் கிடைக்கும் இடம் இவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் பிரிந்து வாழும் குடும்பங்களுக்கு இவர்கள் செய்த பணி அளவிடற்கரியது. 1983 ஜூலைக் கலவரத்தின் பின் ஆயிரக்கணக்கானோர் கனடா, இங்கிலாந்து, பிரான்சு, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளுக்குப் புலம்பெயர்ந்தனர். அகதி மனு முடியும்வரை ஊருக்குத் திரும்ப இயலாத மகனுக்கு, தங்கையின் திருமணம் மூன்று மணி நேர நாடாவாகவே போய்ச் சேர்ந்தது. தாலி கட்டும் காட்சியைக் காட்டிலும், அடுப்படியில் நின்ற பெரியம்மாவையும் வேலிக்கரையில் நின்ற மாமரத்தையும் அவன் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்தான். இதை உணர்ந்த கைதேர்ந்த ஸ்ரூடியோக்காரர், மணமக்களை விட்டு வீட்டைச் சுற்றியும் ஒருமுறை கமராவைத் திருப்பினர்.

இந்த ஆண்டுகளில் விடுதலைப் புலிகள் இயக்கம் ‘நிதர்சனம்’ என்ற பெயரில் குடாநாட்டுக்குள் சிறிய அளவில் ஒளிபரப்பு நடத்தியது. 1987 ஒக்டோபரில் இந்தியப் படையுடன் போர் மூண்டபோது அது நின்றது. இயக்கம் ஒன்றின் குரலாகவே அது அமைந்திருந்ததனால், குடாநாட்டு மக்கள் அனைவரின் தொலைக்காட்சியாக அதைக் கொள்ள இயலாது. எனினும் குடாநாட்டிலேயே எடுக்கப்பட்ட காட்சியைக் குடாநாட்டிலேயே ஒளிபரப்ப முடியும் என்பதை மக்கள் கண்டது அப்பொழுதுதான்.

1990 ஜூன் மாதத்தில் மீண்டும் போர் தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. ஜூலையில் கொக்காவில் முகாம் வீழ்ந்தது. அங்கிருந்த அஞ்சல் நிலையமும் அழிந்தது. மண்ணெண்ணெய், பெற்றோல், உரம் முதலியவற்றோடு மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் வரிசையிற் சேர்ந்தன. அரை நூற்றாண்டு முன்னேற்றம் ஒரு மாதத்திற் பின்னோக்கிச் சென்றது. தொலைக்காட்சிப் பெட்டிகள் துணியால் மூடப்பட்டு மூலையில் நின்றன. ஆனால் செய்தி அறிய வேண்டும் என்னும் தாகம் போரின் நடுவே பெருகுமேயன்றிக் குறையாது. அப்பொழுது துவிச்சக்கரவண்டி கைகொடுத்தது. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுற்ற, சில்லோடு உராய்ந்த டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலி பேசியது. சைக்கிள் விளக்குக்கென அமைந்த டைனமோ ஆறு வோல்ற்றில் மூன்று வாற்று அளவே தரும். சிறிய வானொலிக்கு அது போதும். மிகச் சிறிய தொலைக்காட்சிக்கும் அதனைப் போலப் பல மடங்கு வேண்டும். ஆகவே அவ்வாண்டுகளில் குடாநாடு பார்ப்பதை விட்டு மீண்டும் கேட்பதற்குத் திரும்பியது. இரவு ஒன்பதேகால் மணியளவில் தெருவெங்கும் ஒரே குரல் பல வீடுகளிலிருந்து எழுந்தது. அது இலண்டனிலிருந்து வந்த ‘தமிழோசை’. சுற்றுபவர் களைத்தால் செய்தி நடுவிற் குரல் இழுபட்டு அடங்கிவிடும்; உடனே மற்றொருவர் வந்து மிதிகட்டையைப் பிடிப்பார்.

அச்செய்தியை அனுப்பியவர்களுக்கு இருந்த இடர் கேட்டவர்களுக்கு இருந்ததைக் காட்டிலும் பெரிது. குடாநாட்டிலிருந்து பி.பி.சி.க்குச் செய்தி வழங்கி வந்த மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 ஆம் நாள் இரவு, ஊரடங்கு நேரத்தில், தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத்தில் ஒலிவாங்கியோ கமராவோ ஏந்துவது வெறும் பொழுதுபோக்காகக் கருதப்படாமைக்கு அவர் போன்றோரின் முடிவே காரணம்.

2002 போர் நிறுத்தத்தோடு ஏ-9 வீதி திறந்தது. கைத்தொலைபேசியும், தட்டு அன்ரெனாவும், இணைய நிலையங்களும் வந்தன. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடுண்டது. 2009 இல் போர் முடிந்த பின்னரே நிலையான வசதிகள் வந்தன. கொக்காவிலில் 174 மீற்றர் உயரமுள்ள புதிய கோபுரம் 2011 ஜூனில் திறக்கப்பட்டது. 2013 இல் கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு உயரழுத்த மின்வழி வந்து, குடாநாடு தேசிய மின்வலையோடு இணைந்தது. இணையத் தொலைக்காட்சியைப் பற்றிப் பேசுவோர் இம்மின்வழியை மறந்துவிடுகின்றனர். மின்சாரம் இல்லாத ஊருக்கு இணையம் ஏது?

இனி, கிணற்றின் கதை. இணையவழித் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி முழுவதும் ஒரே பாய்ச்சலாக வருவதில்லை. ஒரு திரைப்படம் சில விநாடி நீளமுள்ள நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். பார்ப்பவரின் கருவி ஒரு துண்டைக் காட்டிக்கொண்டே அடுத்த துண்டுகளைக் கேட்டுப் பெறும். வழி தெளிவாக இருந்தால் உயர்ந்த தரத் துண்டைக் கேட்கும். நெரிசலானால் தாழ்ந்த தரத்தைக் கேட்கும். மாலை வேளையில் படம் திடீரென மங்கிப் பின் தெளிவது இதனாலேயே. சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரப் படத்துக்கு ஏறத்தாழ முக்கால் கிகாபைற்றும், உயர் தரத்தில் மூன்று கிகாபைற்று வரையும் செலவாகும். மழைக்கு விலையில்லை, கிணற்று நீருக்கோ இறைகூலி உண்டு. கைத்தொலைபேசித் தரவுப் பொதியை அளந்து வாங்கும் குடும்பத்துக்கு இக்கணக்கு அத்தியாவசியமானது. படத்தின் தரத்தைத் தாமே தாழ்த்தி வைத்துக்கொண்டால், ஒரே காசில் மூன்று மடங்கு நேரம் பார்க்கலாம் என்பதைக் குடாநாட்டு மாணவர் ஆசிரியரிடம் கேட்டறியவில்லை; பொதி முடிந்த அன்று தாமே கண்டறிந்தனர்.

நெற்பிளிக்ஸ் நிறுவனம் 2016 சனவரியில் ஒரே நாளில் நூற்று முப்பது நாடுகளுக்குத் தன் சேவையை விரித்தபோது இலங்கையும் அவற்றுள் அடங்கிற்று. ஆனால் குடாநாட்டில் இணையத் தொலைக்காட்சி என்றால் முதன்மையாக யூரியூப்பே. 2005 இல் அமெரிக்காவில் தோன்றிய அத்தளம் பார்ப்பதற்குக் காசு கேட்பதில்லை. படைப்பதற்கு அனுமதியும் கேட்பதில்லை. கொழும்பில் நிலையம் ஒன்றின் வாயிலில் காத்திராமல், சாவகச்சேரியிலோ பருத்தித்துறையிலோ இருந்தபடியே ஓர் இளைஞர் தம் அலைவரிசையைத் தொடங்கலாம். ஒடியற்கூழ் காய்ச்சுதல், பனங்கிழங்கு கிண்டுதல், நெடுந்தீவுக்குப் படகுப் பயணம், தேர்த் திருவிழா, தோட்டத்தில் வெங்காயம் நடுதல் எனக் குடாநாட்டு வாழ்க்கையே நிகழ்ச்சியாயிற்று. பேசும் மொழி யாழ்ப்பாணப் பேச்சு மொழி. அதற்கு யாரும் மன்னிப்புக் கேட்பதுமில்லை.

வருவாய் தேடுவோருக்கு விதிகள் உண்டு. விளம்பரப் பங்கு பெறுவதற்கு ஆயிரம் சந்தாதாரரும், பன்னிரண்டு மாதத்துள் மக்கள் பார்த்த நேரம் நாலாயிரம் மணியும் வேண்டும் என்று 2018 இல் வகுக்கப்பட்டது. அதே ஆண்டு பெப்ரவரியில் கூகிளின் விளம்பரச் சேவை தமிழையும் ஏற்றது. அதன்பின் தமிழ் இணையத் தளங்களும் அச்சேவையின் விளம்பரங்களை முறைப்படி பெறலாயின. விளம்பரக் கணக்கிற் பத்து டொலர் சேர்ந்ததும், முகவரியை உறுதிசெய்யும் இரகசிய எண் அச்சிட்ட கடிதம் ஒன்று சாதாரண அஞ்சலில் வீட்டுக்கு வரும். உலகின் மிகப் புதிய தொழிலுக்கு ஊர்த் தபாற்காரரே கதவு திறந்து விடுகிறார் என்பது நகைச்சுவையான உண்மை. நூறு டொலர் சேர்ந்த பின்பே பணம் வங்கிக்கு வரும். அந்நிலையை எட்டாமல் நின்றுபோன அலைவரிசைகள் பல. தொடங்கிய மூன்று மாதத்தில் வருமானத்தை எதிர்பார்ப்பவர் கைவிடுகிறார். வாரந்தோறும் தவறாது ஒரு நிகழ்ச்சியைத் தருபவரே நிலைக்கிறார். தோட்டக்காரனுக்கு இது புதிய செய்தியன்று.

இவ்வலைவரிசைகளின் பார்வையாளருள் புலம்பெயர்ந்தோர் பெரும் பகுதியினர். இதில் நன்மையும் உண்டு, தீங்கும் உண்டு. ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பார்ப்பவர் தம் சிறுபருவத்து ஊரையே காண விரும்புவர். ஆகவே பனையும் கிணறும் கிடுகு வேலியும் வேண்டிய அளவுக்கு மேலாகவே திரையில் வருகின்றன. வேலையின்மையும், போதைப்பொருளும், கடனில் மூழ்கிய குடும்பங்களும் அவ்வளவாக வருவதில்லை. ஏழைகளுக்கு உதவி வழங்குவதைப் படமெடுத்துப் போடும் வழக்கம் ஒன்றும் பரவியிருக்கிறது. உதவி பெறுபவரின் முகத்தையும் கண்ணீரையும் அண்மையில் நின்று காட்டுவது, கொடுப்பவரின் மனத்தைக் கவரலாம். பெற்றவரின் பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்போர் குறைவு. இதைக் கண்டிக்கும் குரல்கள் குடாநாட்டிலிருந்தே எழுந்திருப்பது ஆறுதல் தருகிறது.

கலை நோக்கோடு முயல்பவர்களும் உளர். 2015 இல் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியது. வேறு நாட்டுப் படங்களை இளைஞர் பெரிய திரையிற் காண அது வாய்ப்பளித்தது. மதி சுதா என்னும் இயக்குநர், போரின் இறுதிக் காலத்தைப் பற்றிய ‘வெந்து தணிந்தது காடு’ என்ற முழுநீளப் படத்தை, மக்களிடம் சிறு சிறு தொகையாகப் பணம் திரட்டி, ஐபோனைக் கொண்டே எடுத்து முடித்தார். இலட்சக்கணக்கில் விலையுள்ள கமரா இல்லை என்பதற்காகக் கதை சொல்லாமல் இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அது சான்று.

ஆனால் நேரலை எனப்படும் உடனடி ஒளிபரப்பின் உண்மையான பயன் கலையிலன்று, குடும்பத்தில் வெளிப்பட்டது. முன்னாளில் நல்லூர்க் கந்தனின் தேர்த் திருவிழாவுக்கு இலங்கை வானொலியின் நேர்முக வருணனையைக் கேட்டுக் கைகூப்பியவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று அதே தேர் வீதி வலம் வருவதை ஒஸ்லோவிலிருந்து கண்ணாற் காண்கின்றனர். மரணச் சடங்குகளும் அவ்வாறே. வீடியோ நாடாவைத் தபாலில் அனுப்பிய ஸ்ரூடியோக்காரரின் மகன், இப்பொழுது முற்றத்தில் கமராவை நிறுத்தி, நான்கு நாட்டிலுள்ள பிள்ளைகளும் தாயின் இறுதிக் கிரியையை அவ்வேளையிலேயே பார்க்கச் செய்கிறார். 2020 இல் பெருந்தொற்றினால் விமானங்கள் நின்றபோது, வேறு வழியே இல்லாத பிள்ளைகள் எத்தனையோ பேர். தலைமாட்டில் தொலைபேசியைப் பிடித்திருக்கும் உறவினர், ‘தம்பி பாக்கிறான், கொஞ்சம் விலகுங்கோ’ என்று கூட்டத்தை ஒதுக்குவார். வாய்க்கரிசி போடும் நேரத்தில் சமிக்ஞை அறுந்துவிட்டால் அந்தத் துயருக்கு ஈடில்லை. ஆகவே பொறுப்புள்ள ஸ்ரூடியோக்காரர் இரண்டு நிறுவனங்களின் சிம் அட்டைகளை வைத்திருப்பார். மின்கலமும் தனியே கொண்டுவருவார். அனைத்தையும் கருவியிலும் பதிவு செய்துகொள்வார்.

இக்கிணறும் சில வேளைகளில் அடைபடுவதுண்டு. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்பும், 2022 ஏப்ரலில் மக்கள் கிளர்ச்சியின்போதும் அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தடுத்தது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்தது. தென்னிலங்கை மக்கள் திகைத்து நின்ற அந்நாட்களில், குடாநாட்டு முதியோர் பரணில் இருந்த அரிக்கன் விளக்கை எடுத்துத் துடைத்தனர். டைனமோக் கதையை இளையோருக்குச் சொல்லவும் அப்பொழுதுதான் சந்தர்ப்பம் வாய்த்தது.

எஞ்சி நிற்பது, பழைய பதிவுகள் பற்றிய கவலை. 1981 ஜூன் முதலாம் நாளிரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அந்த வடுவைத் தாங்கிய சமுதாயம், 2005 இல் நூலகம் என்ற மின்னூலகத்தைத் தன்னார்வலர் முயற்சியால் தொடங்கி, நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் ஏற்றி வருகிறது. ஒலி, ஒளிப் பதிவுகளையும் அது சேர்க்கிறது. ஆனால் நாடகங்கள், கூத்துகள், ஊர்வலங்கள், திருமணங்கள், இன்று இல்லாத தெருக்கள் ஆகியவற்றைக் கொண்ட வீடியோ நாடாக்கள் பெரும்பாலும் தனிவீடுகளின் அலுமாரிகளில்தான் உள்ளன. குடாநாட்டின் ஈரக் காற்றில் அவற்றில் பூஞ்சணம் பிடிக்கிறது. இடப்பெயர்வுகளின்போது மண்ணிற் புதைக்கப்பட்டவையும் உண்டு. அவற்றை ஓட்டுவதற்கான டெக்கும் அரிதாகிவிட்டது. உலகில் கடைசியாக அதனைச் செய்துவந்த யப்பானிய நிறுவனமாகிய பூனாய் 2016 ஜூலையுடன் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. பழைய டெக்கைப் பழுதுபார்த்து வைத்திருக்கும் சில ஸ்ரூடியோக்காரர் நாடாக்களைக் கணினிக் கோப்பாக மாற்றிக் கொடுக்கின்றனர். நாடாவைச் சுத்தம் செய்து, உலர்த்தி, கருவியில் இட்டபின் அவசரப்படுத்த வழியில்லை. மூன்று மணி நேர நாடா ஒன்றை மாற்றுவதற்கு மூன்று மணி நேரமும் அது ஓடியே ஆகவேண்டும்.